எட்டு வரிசை சோயா

எட்டு வரிசைதாம்மா. ஒம்போது இல்ல. ஒம்போதுன்னு உங்ககிட்ட யாரு சொன்னது, எந்தம்பி டூயியோட மருமகனா? அவரு பல்லு டாக்டரு. வாய்க்குள்ள இருக்கிறதத்தான் அவருக்கு எண்ணத் தெரியும். எட்டு வரிசை, அகலம் இருவத்தஞ்சு அடி, நீளம் அரை மைலு. எனக்கும் டூயிக்கும் முப்பத்தோரு வருஷமா முகங்குடுத்துப் பேச்சில்லாமப் பண்ணுன நிலம் மொத்தமே இவ்வளவுதான். நெலம் அளக்குற அந்த முக்காலிய இப்படிக் குடுங்க, நான் தூக்கிட்டு வர்றேன். பரவால்ல, குடுங்கம்மா. எனக்கு அறுவத்தொம்போதுதான் ஆவுது. இந்தக் களிமண்ணு பூட்ஸப் புடிச்சா விடாது, வெறுங்கையோட நடக்குறதே பெரும்பாடு உங்களுக்கு.

உங்கள வரச் சொல்லிக் காயிதத்துல கையெழுத்துப் போட்டது டூயியா? மருமகனா. சரி சரி, சும்மா கேட்டேன். வாத்து வேட்டைக் கிளப்புக்கு இந்த இடத்தக் குத்தகைக்கு விடணுமாம் அவருக்கு. நடுவுல எல்லை தெரியாம இருந்தா கிளப்புக்காரன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறானாம். நியாயந்தான். குண்டு எவன் நிலத்துலேர்ந்து கெளம்புச்சு, வாத்து எவன் நிலத்துல விழுந்துச்சுன்னு நாளைக்கு ஒரு கேள்வி வரும்ல.

பத்திரத்தக் கொண்டாந்திருக்கீங்களா? படிங்க, படிங்க. எனக்கு மனப்பாடம், இருந்தாலும் அடுத்தவங்க படிச்சுக் கேட்டு நாளாச்சு. ஆமா. தேனீ குடியிருக்கிற குல்லா ஓக் மரத்துலேர்ந்து நேர் வடக்க, பாதிரியாரோட கோவேறு கழுதை முங்கிச் செத்த சைப்ரஸ் மரம் வரைக்கும். அதுக்கு மேக்க உள்ளது பெரியவன் ஹாய்ட்டுக்கு, அது நானு. கிழக்க உள்ளது சின்னவன் டூயிக்கு. எங்கப்பா அம்பத்தெட்டுல எழுதி வச்சது. சிரிக்காதீங்க. டென்சா ஆத்தோரம் பூரா அப்ப எல்லாப் பத்திரமும் இந்த லட்சணந்தான். சாட்சி மரம்னு பேரு. மனுஷன் கோர்ட்டு ஏறுனா மாத்திப் பேசுவான், மரம் மாத்திப் பேசாதுன்னு ஒரு நம்பிக்கை.

அந்த ஓக் மரம் எங்கயா? வெட்டியாச்சு. கழுதை செத்த சைப்ரசும் போச்சு. நாங்களேதாம்மா, வேற யாரு. சாட்சி அத்தனையும் வெட்டி எரிச்சுட்டு, அதுக்கப்புறம் எல்லைத் தகராறு பண்ணுன ஆளுங்க உலகத்துலயே நாங்க ரெண்டு பேராத்தான் இருப்போம்னு ரொம்ப நாளு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் விசாரிச்சா, இந்த ஜில்லாவுல மட்டும் நாப்பது குடும்பம் அப்படி இருக்கு.

காட்ட வெட்டுனது எழுவத்தி மூணும்மா. நீங்க பொறந்துகூட இருக்க மாட்டீங்க. அந்த வருஷம் பெருவெள்ளம், அதோட சோயா வெலை எகிறுச்சு பாருங்க, அதுமாதிரி அதுக்கு முன்னாடியும் பாத்ததில்ல பின்னாடியும் பாத்ததில்ல. ஊர்ல அத்தனை பேருக்கும் புத்தி பெரண்டுபோச்சு. முடிவெட்டுற கடைக்காரன் கடைக்குப் பின்னால தக்காளி போட்டிருந்தத புடுங்கிட்டு சோயா போட்டான். எங்ககிட்ட நானூறு ஏக்கரு காடு இருந்துச்சு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கூட்டாச் சேந்து, ஒரு புல்டோசர வாடகைக்குப் புடிச்சோம். முன்னாடி கத்தி மாதிரி ஒண்ணு கட்டியிருக்கும், அடிமரத்தோட வழிச்சுக்கிட்டுப் போவும். வழிச்சத வரிசையாக் குவிச்சு நெருப்பு வச்சோம். நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங்குக்குப் பத்த வச்சது ஈஸ்டருக்கும் பொகஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சர்ச்சுல பாட்டுக்காரங்க ஒரு அடி பாடுவாங்க, ஒரு அடி இருமுவாங்க. இருமலும் ராகத்துல சேந்துபோச்சு. அடுத்த வருஷம் பொகை இல்லாதப்போ அந்தப் பாட்டே வெறிச்சுன்னு இருந்துச்சுன்னா பாத்துக்குங்க.

வருத்தமான்னு கேக்குறீங்க. அப்ப இல்லம்மா. அப்பப் பெருமையாத்தான் இருந்துச்சு. அரசாங்க விவசாய ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரு வந்து, நீரை வெளியேத்தி நிலத்தைப் பண்படுத்திய முன்மாதிரி விவசாயின்னு மரப்பலகைல எழுதி எனக்கு ஒண்ணு டூயிக்கு ஒண்ணு குடுத்தாரு. ஓக் மரப் பலகைதான். நல்ல பலகை.

இப்படி வாங்க, இந்தப் பக்கம் கெட்டி. கடலை சாப்புடுறீங்களா? அவிச்சதுதான், சூடா இருக்கு.

தண்ணிய எங்களுக்குப் புரியல, அதாம்மா விஷயம். காடா இருந்தப்போ கிறிஸ்துமஸ் முடிஞ்சா ஆறு இங்க வந்துரும். சத்தம் போடாது. காலைல எந்திரிச்சுப் பாத்தா மரத்துக்கு நடுவுல நிக்கும், முட்டி அளவு, இடுப்பளவு. ஓக்குக் கொட்டை தின்ன வாத்து வந்து எறங்கும். மீனு வந்து மரத்தூருக்கு மரத்தூரு முட்டை வைக்கும். கரடி பொந்து மரத்துமேல ஏறிப் படுத்துத் தூங்கும், கீழ தண்ணி ஓடும். மே மாசம் ஆறு கெளம்பிப் போயிரும். ஒரு மரமும் சாவாது. அதுங்களுக்கு அது பழக்கம். நாங்க என்ன நெனச்சோம்னா, தண்ணி மரத்தப் பாக்கத்தான் வருது, மரம் இல்லைன்னா வராதுன்னு. அதையும் அதே ஆபீஸ்லதான் சொன்னாங்கன்னு டூயி சொல்லுவான். எனக்கு ஞாபகம் இல்ல.

மரம் இல்லைன்னும் வந்துச்சு. போட்ட சோயாவ எட்டு நாளு முக்கி வச்சிருந்து, அழுகுனப்புறம் போச்சு. கரை கட்டுனோம். கரைக்குள்ள பேஞ்ச மழை வெளிய போவ வழியில்லாம உள்ளயே நின்னுச்சு. பம்பு வச்சோம். அந்தப் பக்கம் எறைச்சுவிட்டா பக்கத்து வயக்காரன் பம்பு வச்சு இந்தப் பக்கம் எறைச்சுவிடுவான். ஒரே தண்ணிய மூணு மாசம் ரெண்டு பேரும் டீசல் போட்டு எறைச்சுக்கிட்டு இருந்தோம். ஒரு வருஷம் அறுப்பு மெஷின விட்டேன், மெஷினு திணறுது. எறங்கிப் பாத்தா உள்ள சோயா ஒரு படி, கெளுத்தி ஒம்போது. ஒம்போது, இத நானே எண்ணுனேன். வித்துக் குடுங்கன்னு தானியக் குடோன்ல கேட்டேன், ஈரப்பதம் அதிகம்னு திருப்பி அனுப்பிட்டான்.

எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம்னு பாத்துப் போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. பாருங்க இந்த நெலத்த. தட்டையாத் தெரியுதா இல்லையா? உங்க மெஷினுக்குத்தான் வித்தியாசம் தெரியும். முன்னாடி எங்களுக்கும் தெரிஞ்சுது, ஏன்னா மரம் சொல்லும். சைப்ரஸ் நின்னா வருஷம் பூரா தண்ணி. குல்லா ஓக்கு நின்னா மே மாசம் வரைக்கும். பிசின் மரம் நின்னா ரெண்டு வாரம். நாலு விரக்கடை ஒசரம் கூடுனா வேற மரம், கொறஞ்சா வேற மரம். எங்கப்பா மரத்தப் பாத்துக்கிட்டே காட்டுக்குள்ள பூட்ஸ் நனையாம ரெண்டு மைலு போவாரு. அத்தனையும் வழிச்சு எரிச்சதுக்கு அப்புறம், எழுத்த எல்லாம் அழிச்ச சிலேட்டு மாதிரி ஆயிப்போச்சு. பள்ளத்துல விதைச்சோம், மேட்டுல டிராக்டர நிறுத்துனோம்.

சோயா போட்ட காலம் பூரா ஒரே ஒரு எடந்தான் எந்த வெள்ளத்துலயும் முங்கல. அந்த எடம் நீங்க இப்ப நடக்குறது. ஒரு அடி ஒசரம் இருக்கும். எட்டு வரிசை.

இது என் பக்கம்னு நான் சொன்னேன். அவன் பக்கம்னு அவன் சொன்னான். ஓக்கு மரம் இங்க நின்னுச்சுன்னு அவன் ஒரு குச்சிய நட்டான். இல்ல, அங்க நின்னுச்சுன்னு இருவத்தஞ்சு அடி கிழக்க தள்ளி நான் ஒரு குச்சிய நட்டேன். மொட்டைக் காட்டுல எவனுக்குத் தெரியும் எது எங்க நின்னுச்சுன்னு. அவன் மேட்டுல விதைச்சான், மொளைச்சு ஒரு சாண் வந்ததும் நான் உழுதேன். நான் விதைச்சேன், அவன் உழுதான். இருவத்திரெண்டு வருஷம். சுத்தி நானூறு ஏக்கரு தண்ணில முங்கிக் கெடக்கும், நடுவுல நல்லா வெளையிற ஒரே துண்டு நெலம், அதுல ஒரு படி சோயா வீட்டுக்கு வரல. மான் தின்னுச்சு. இந்த ஜில்லாவுலயே கொழுத்த மான் எங்க மானுதான்.

பேசவே இல்லையான்னா, நேராப் பேசல. சர்ச்சு வழியாப் பேசிக்கிட்டோம். நீங்க பாப்டிஸ்டா? மெத்தடிஸ்டா, சரி, உங்க ஆளுங்க கொஞ்சம் நாசூக்கா இருப்பாங்க. எங்களுக்குப் புதன்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டம். யாருக்கு என்ன விண்ணப்பமோ எந்திரிச்சுச் சொல்லணும், எல்லாரும் தலை குனிஞ்சு ஜெபிக்கணும். முழங்கால் வலி, பேரப்புள்ளை பரிட்சை, அந்தமாதிரி. ஒரு புதன்கிழமை டூயி எந்திரிச்சான். பேரு சொல்ல விரும்பல, பச்சை டிராக்டர் வச்சிருக்கிற ஒரு சகோதரர் அடுத்தவன் நெலத்துல எட்டு வரிசை உழுதிருக்காரு, அவரு மனசு திரும்ப ஜெபிக்கணும்னான். ஊர்ல பச்சை டிராக்டர் என்னுது ஒண்ணுதான். எல்லாரும் தலை குனிஞ்சாங்க. நானும் குனிஞ்சேன், வேற என்ன பண்ண. எனக்கு எதிரா நானே ஆமென் சொன்னேன்.

அடுத்த புதன் நான் எந்திரிச்சேன். பொய்க் குச்சி நடுற ஒரு சகோதரருக்கு வெளிச்சம் கெடைக்க ஜெபிக்கணும்னேன். அப்படியே புடிச்சுக்கிச்சு. முப்பது வருஷம், வெள்ளம் வந்த வாரந்தவிர ஒரு புதன் விடல. பாஸ்டர் பர்விஸ் ஆளுக்கு ஒரு நிமிஷம்னு மணி வச்சுப் பாத்தாரு. டூயி அம்பத்தஞ்சு செகண்டுல முடிப்பான், மிச்சம் அஞ்சு செகண்டு என்னையே பாப்பான்.

ஆனா ஒண்ணு சொல்றேன், அதுல வேலையும் நடந்துச்சு. எம் பம்பு நின்னு போச்சு, கர்த்தர் யாரையாவது ஏவி வேலியோரம் ஒரு பம்பு வைக்கச் சொல்லணும்னு நான் விண்ணப்பம் வச்சா, காலைல வேலியோரம் டூயியோட பம்பு நிக்கும். அவன் பொண்ணு கல்யாணத்துக்கு என்னைக் கூப்புட்டதும் அப்படித்தான். கல் நெஞ்சுக்காரரான ஒரு பெரியப்பா சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வர்றதுக்கு ஜெபிக்கணும்னான். போனேன். மூணாவது பெஞ்சுல உக்காந்தேன். கேக்கும் கெடைச்சுது.

இந்த மரமெல்லாமா? இது தொண்ணூத்தாறுல நட்டது. அதே ஆபீஸு, வேற ஆளு. நிலத்தத் தண்ணிக்கே திருப்பிக் குடுங்க, மரம் நடுறோம், காலத்துக்கும் வெட்டக்கூடாதுன்னு வந்தாங்க. முங்கி முங்கி அலுத்துப்போயிருந்தோம், ரெண்டு பேரும் தனித்தனியாப் போயிக் கையெழுத்துப் போட்டோம். ஈரநிலத்தை மீட்ட முன்மாதிரி விவசாயின்னு மறுபடி ஒரு பலகை குடுத்தாங்க. வீட்ல ஆணி ஒண்ணுதான் இருந்துச்சு, ரெண்டையும் அதுலயே மாட்டிட்டேன். எது முன்னாடி இருக்கும்கிறது காத்தடிக்கிறதப் பொறுத்தது.

நட்ட விதத்தப் பாருங்க. பன்னெண்டடிக்கு ஒண்ணு, நூலு புடிச்ச மாதிரி. காடுங்கிறாங்க, எனக்கு என்னமோ பள்ளிக்கூடப் புள்ளைங்கள வரிசைல நிறுத்துன மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் ஆறு வந்து சரி பண்ணுச்சு. அதுக்கு வரிசையெல்லாம் தெரியாது. இவங்க நட்டது ஓக்கு மட்டுந்தான். எங்கேர்ந்தோ எல்ம் வெதை, ஆஷ் வெதை, பிசின் மரத்து வெதை எல்லாத்தையும் கொண்டாந்து நடுவுல நடுவுல போட்டுட்டுப் போச்சு. குல்லா ஓக்குக் கொட்டை மெதக்கும், தெரியுமா? கொட்டை முழுக்கக் குல்லா மூடியிருக்கும், தக்கை மாதிரி இருக்கும். பத்து மைலுக்கு மேல எங்கயோ ஒரு மரம் தப்பிச்சிருக்கும்போல. அது அனுப்புனது இங்க வந்து எறங்குது.

அதுலதாம்மா புதுசா ஒரு தலைவலி வந்துச்சு. இந்த எட்டு வரிசைய ரெண்டு பேரும் எழுதிக் குடுக்க முடியாது, தகராறு நெலம். அதனால அவங்க என் பக்கம் நட்டாங்க, அவன் பக்கம் நட்டாங்க, நடுவுல இத வெறுந்தரையா விட்டுட்டாங்க. ஆறு அந்த மாதிரி விடுமா? மேடுங்கிறதால வெள்ளம் ஓரத்த மட்டும் நக்கிட்டுப் போவும், ஆனா பெருசா வந்த ஒரு வருஷம் மேலயே கொட்டிட்டுப் போச்சு. மே மாசம் பாத்தா கன்னு கன்னா நிக்குது. எனக்குப் பகீர்னு ஆச்சு. டூயிதான் நட்டிருக்கான், நாளைக்கு மரத்தக் காட்டி இது என் நெலம்னு சொல்லப்போறான்னு அத்தனையும் புடுங்குனேன். அந்தப் பக்கம் பாத்தா அவன் புடுங்கிக்கிட்டு இருக்கான். நான் நட்டேன்னு அவன் நெனச்சிருக்கான். சனிக்கிழமை நான், செவ்வாய்க்கிழமை அவன்னு தன்னால ஒரு ஏற்பாடு ஆயிப்போச்சு. சுத்தி அரசாங்கம் காசு குடுத்து மரம் வளக்குது, நடுவுல கெழவனுங்க ரெண்டு பேரும் குனிஞ்சு குனிஞ்சு காட்டப் புடுங்குறோம். ஆபீஸ்காரப் பையன் ஒருத்தன் பாத்துட்டு என்ன ஆராய்ச்சி பண்றீங்கன்னு கேட்டான்.

கொஞ்ச நாளா புடுங்கலையா? ஆமா, கவனிச்சுட்டீங்களே. முட்டி அளவு வந்துருச்சு எல்லாம். அக்டோபர்லேர்ந்து செவ்வாய்க்கிழமைக்காரன் வரல. எதிராளி இல்லாம எனக்கும் கையி வரல.

என்ன அது, உங்க இரும்பு தேடுற மெஷினு கத்துது? கலப்பைத் துண்டா இருக்கும்மா. இங்கெல்லாம் இரும்பு கெடக்கும். வாங்க, இன்னும் வடக்க போவணும்.

ஆழத்துல இருக்குன்னு காட்டுதா. நிக்காமக் கத்துதே.

சரி. அந்தக் கம்பியால குத்தாதீங்க, செத்த உக்காந்துக்கிறேன். அது கலப்பை இல்ல. வண்டி அச்சு. எங்கப்பா அந்த ஓக்கு மரத்தூருல அடிச்சு எறக்குனது. பத்திரம் எழுதுன அன்னிக்கு என்னைத்தான் சம்மட்டி புடிக்கச் சொன்னாரு. டூயி அப்பப் பட்டாளத்துல இருந்தான், அவனுக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. நீங்க நிக்கிறீங்களே, அங்கதாம்மா மரம் நின்னுச்சு. நீங்க நிக்கிற எடத்துக்குக் கிழக்க இருக்கிறது பூரா, எட்டு வரிசையும், அவனுது. என்னிக்கும் அவனுதுதான்.

மறதியெல்லாம் இல்ல. புல்டோசருக்கு பெல்ட்டு வாங்க அவன் மன்றோ டவுனுக்குப் போயிருந்தான். நாலு மணி நேரம். எனக்கு மரத்தப் படிக்கத் தெரியும்னு சொன்னேன்ல. ஓக்குக்குக் கிழக்க பிசின் மரமா நேர்கோட்டுல நிக்குதேன்னு பாத்தேன். நாளைக்கு வெள்ளம் வந்தா இந்த மேடு ஒண்ணுதான் முங்காம நிக்கும்னு தெரிஞ்சுது. ரம்பத்த எடுத்தேன். தேனீ கொட்டிக் கை ரெண்டும் உப்பிப்போச்சு. அவன் திரும்பி வந்தப்போ மரம் குவியல்ல எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, கை ஏன் வீங்கியிருக்குன்னு கேட்டு அவந்தான் வெண்ணெய் தடவிவிட்டான்.

அப்பா ஏன் மேட்ட அவனுக்குக் குடுத்தாருன்னா, அவனுக்கு நீச்சல் தெரியாது. அவ்வளவுதான் காரணம். எனக்குத் தெரியும்.

இருங்க, இத முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க. அக்டோபர்ல டூயிக்கு மூளைல அடைப்பு வந்துருச்சு. வலது பக்கம் வரல, பேச்சும் போச்சு. பொண்டாட்டி நடீன் பேரு வரல. தண்ணின்னு கேக்க வரல. நடீன் எனக்குப் போன் பண்ணுனா. முப்பத்தோரு வருஷம் கழிச்சு அந்த வீட்டுக்குள்ள போறேன், என்ன பேசுறதுன்னு தெரியல. கட்டில்ல அவன் என்னையே பாத்துக்கிட்டு கெடக்கான். எனக்கு வாய்க்கு வந்தது அது ஒண்ணுதான். டூயி, அந்த எட்டு வரிசை என்னுதுன்னேன்.

வாயத் தொறந்து சொன்னாம்மா. எங்கண்ணன் ஒரு திருடன். தெளிவா, ஒரு எழுத்து கொறையாம. நடீன் கையில இருந்த தட்டக் கீழ போட்டுட்டா. மறுபடி சொன்னேன், மறுபடி சொன்னான். பேச்சுப் பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு இருக்கு, அது கேட்டுட்டு நோட்டுல எழுதிக்கிச்சு, அண்ணன், நிலத்தகராறு, தினம் கால் மணி நேரம்னு. இப்ப அந்த வாக்கியத்தோட ஒட்டிக்கிட்டு மத்த வார்த்தையும் வருது. அயோக்கியன் வந்துச்சு. பச்சை டிராக்டர் வந்துச்சு. போன வாரம் காப்பி வந்துச்சு.

உண்மையச் சொல்லிருங்கன்னு தானே சொல்ல வர்றீங்க. சொன்னேன். ஜனவரில ஒரு நாள் மனசு கேக்கல. டூயி, நீ சொன்னதுதான் சரி, மரத்த நாந்தான் வெட்டுனேன், அது உன்னுதுன்னு சொல்லிட்டேன். அவன் என்னைப் பாத்தான். சிரிச்சான். வர்ற கையால என் கையப் புடிச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் ஒம்போது நாளு ஒரு சத்தம் இல்ல. சொல்ல வேண்டியது முடிஞ்சுபோச்சுங்கிற மாதிரி ஜன்னலப் பாத்துக்கிட்டே கெடந்தான். அந்தப் பொண்ணு வந்து என்ன பண்ணீங்கன்னு என்னைத் திட்டுச்சு. பத்தாம் நாளு போயி, நான் சும்மா சொன்னேன்டா, ஒரு அடிகூட உனக்குக் கெடையாதுன்னேன். அரை மணி நேரம் ஆச்சு. அப்புறம் சொன்னான். திருடன்னான். நானும் நடீனும் கட்டிப்புடிச்சு அழுதோம்.

இப்ப நீங்க அச்சு கெடைச்சுதுன்னு எழுதிக் குடுத்தா, அந்தப் பல்லு டாக்டர் இன்னிக்கு சாயங்காலமே போயி, மாமா நீங்க ஜெயிச்சுட்டீங்கன்னு சொல்லிருவாரு. நல்ல மனசோடதான் சொல்லுவாரு.

எனக்கு நெலம் வேணாம்மா. என் பங்கையும் சேத்து அவன் பொண்ணுக்குத்தான் எழுதி வச்சிருக்கேன், வக்கீல் ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. பொய் எழுதச் சொல்லல. தண்ணி இருந்துச்சு, அளக்க முடியல, வெயில் காலத்துல வந்து பாக்குறேன்னு எழுதுங்க. இப்பத் தண்ணி இல்லதான். மேல எல்லாம் மழை, ஆறு ஏறிக்கிட்டு இருக்கு, திங்கக்கிழமை இந்த மேட்டச் சுத்தி நிக்கும். காயிதம் அவரு கைக்குப் போறதுக்குள்ள அது உண்மை ஆயிரும்.

மெஷின ஆஃப் பண்ணிட்டீங்க. சரிம்மா. சரி.

முக்காலியக் குடுங்க, போவோம். நாலு மணிக்கு நான் அங்க இருக்கணும், லேட்டாப் போனா அவன் தூங்கிருவான். இன்னிக்கு என்ன சொல்லி அவனக் கெளப்புறதுன்னுதான் காலைலேர்ந்து யோசிக்கிறேன், ஒரே மாதிரி சொன்னா வரமாட்டேங்குது. நீங்க படிச்சவங்க. நல்லா சுருக்குன்னு தைக்கிற மாதிரி உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா?